யாருக்கும் போகாத வரி

அத்தியாயம் பதினான்கு

செத்துப்போனவர்களின் செருப்பைத் தூக்கிப் போட்டுவிடலாம். சேலைகளை யாருக்காவது கொடுத்துவிடலாம். அவர்கள் எழுதி வைத்துவிட்டுப் போன வாக்கியங்களை என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

சின்னவள் ஒரு வாரமாக அந்த வாக்கியங்களோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

அக்கா எழுதிய கையேட்டை எளிமையாக்கும் வேலையை மேனேஜர் அவள் தலையில் கட்டியதும், மாட்டேன் என்று சொல்லப் போனவளின் வாயிலிருந்து சரி என்று வந்துவிட்டதும் உங்களுக்கு நினைவிருக்கலாம். வாய் செய்த வேலைக்குக் கை மாட்டிக்கொண்டது. இன்றைக்குக் கடைசி நாள். சாயங்காலம் அந்தக் கோப்பைப் பூட்டிவிடுவார்கள். பூட்டியதும் புது வாசகங்கள் கம்பெனி செய்த எல்லா மூச்சு மெஷின்களுக்கும் தானாகப் போய்ச் சேரும்.

அவற்றில் ஒன்று அவள் வீட்டு ஹாலிலேயே இருந்தது, அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில்.

அப்பா வாழ்நாளெல்லாம் கார்களுக்குப் பெயின்ட் அடித்தவர். முகமூடி போடச் சொன்னபோதெல்லாம் மூஞ்சி வேர்க்கிறது என்று கழற்றி வைத்தவர். அந்தப் பெயின்ட் முழுக்க இப்போது நெஞ்சுக்குள் உட்கார்ந்துகொண்டு வாடகை கேட்கிறது. அம்மா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டதால் பகல் முழுக்க அவரும் மெஷினும்தான் வீட்டில்.

"இன்னிக்குப் பெரியவ எழுதினதையெல்லாம் எடுத்துடுவியா?" என்றார் காலையில். மூக்கில் குழாய் இருந்தாலும் குரலில் பழைய அதட்டல் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"எடுக்கலப்பா. சுருக்கறேன், அவ்வளவுதான்."

"அவ சுருக்கமாப் பேசுறவளே இல்லையே."

சின்னவள் சிரித்துவிட்டாள். சிரித்த கையோடு கண்ணையும் துடைத்துக்கொண்டாள். அக்காவைப் பற்றி யார் என்ன சொன்னாலும் இப்போதெல்லாம் இந்த இரண்டும் சேர்ந்தேதான் வருகின்றன.

"எனக்கு என்ன," என்றார் அப்பா. "திரையில அவ என்ன சொல்றாளோ அதைத்தான் இத்தனை நாளாச் செய்யறேன். நீ மாத்தினா, நீ சொல்றதைச் செய்யப்போறேன். எனக்கு ரெண்டு பொண்ணும் ஒண்ணுதான்."

அந்தச் சமயம் பார்த்து மெஷின் கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது. காற்று வடிகட்டியில் தூசி சேர்ந்தால் அது தினமும் ஒருமுறையாவது கத்தும். அப்பா குனிந்து திரையைப் பார்த்தார், பொத்தான் மேல் விரலை வைத்தார். விரல் அங்கேயே இருந்தது. உதடு மட்டும் அசைந்தது. பிறகு விரலை எடுத்தார், சத்தம் நின்றது.

டாக்டர் சொன்ன மூச்சுப் பயிற்சியைப் போகிற போக்கில் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டு சின்னவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். ஊருக்கெல்லாம் படிக்கச் சொல்லி எழுதுகிறவள், தன் வீட்டு மெஷினின் திரையை ஒரு நாளும் குனிந்து படித்ததில்லை.

* * *

ஆபீசில் அவள் உட்காருவது அக்காவின் நாற்காலியில்தான். அக்கா உயரம். சின்னவளுக்குக் கால் தரையில் சரியாகப் படாது. நாற்காலியை இறக்கிக்கொள்ள ஒரு கைப்பிடியைத் திருப்பினால் போதும். ஒரு வருஷம் ஆகப்போகிறது, இன்னும் திருப்பவில்லை. மேஜையின் ஓரத்தில் அக்கா டீக் கோப்பையை வைத்து வைத்து விழுந்த வட்டத்தையும் துடைக்கவில்லை.

கையேடு என்றால் புத்தகம் என்று நினைத்துவிட வேண்டாம். இருப்பது ஒரே ஒரு மூலக் கோப்பு. அதிலிருந்துதான் போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் மெஷினின் சின்னத் திரைக்கும் வாசகங்கள் பிரிந்து போகும். போன் என்றால் 'தொடுங்கள்'. கம்ப்யூட்டர் என்றால் 'சொடுக்குங்கள்'. மெஷின் என்றால் 'அழுத்துங்கள்'. எது யாருக்கு என்று ஒவ்வொரு இடத்திலும் அக்கா ஒரு கண்டிஷன் போட்டு வைத்திருந்தாள். கண்டிஷனுக்குள் ஒரு கண்டிஷன், அதன் வயிற்றுக்குள் இன்னொன்று. ஒரு வார்த்தையைத் தொட்டால் நாலு இடத்தில் இடிக்கும்.

சின்னவள் கெட்டிக்காரிதான். தொடு, சொடுக்கு, அழுத்து என்ற மூன்றையும் தூக்கிவிட்டு, பெரும்பாலான இடங்களில் 'தேர்ந்தெடுங்கள்' என்ற ஒரே சொல்லை வைத்துவிட்டாள். அது எல்லாத் திரைக்கும் பொருந்தியது, கண்டிஷன்களும் கொத்துக் கொத்தாக உதிர்ந்தன. அக்காவின் பின்னலைப் பிரித்துச் சிக்கெடுக்கிற மாதிரிதான் இருந்தது. சிக்கு விட்டுப் போகிற ஒவ்வொரு தடவையும் வேலை முடிந்த சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை. அக்கா ஒரு அடி தள்ளிப் போன மாதிரி இருந்தது.

கடைசியாக மிச்சமிருந்த கண்டிஷனுக்குப் பெயர் 'பழைய திரை'.

"அதைக் கண்ணை மூடிக்கிட்டு வெட்டு," என்றார் மேனேஜர். ஆபீசில் அவருக்குக் கத்தரி என்று பெயர். ஒரு வார்த்தை அதிகமாக இருந்தாலும் பொறுக்க மாட்டார், பேச்சிலும்கூட. "பழைய திரை வச்ச மெஷின் எதுவும் வெளியில இல்ல. சோதனைக்குச் செஞ்சதையும் உடைச்சாச்சுன்னு உங்க அத்தானே எழுதிக் கொடுத்திருக்கார். அது யாருக்கும் போகாத வரி."

"தனி வரி இல்லாம அப்படி ஒரு மெஷின் இருந்துச்சுன்னா, மேடம்?"

"பொது வரி போகும். ஆனா இல்ல."

பொது வரியைச் சின்னவளே எழுதியிருந்தாள். 'சத்தத்தை நிறுத்த, பொத்தானை ஒருமுறை அழுத்தி விடுங்கள்.' இதைவிட எளிமையாக எழுத முடியாது என்று கத்தரியே பாராட்டிய வரி அது.

பழைய திரையின் வரிகளை அவள் படிக்காமலேயே அழித்தாள். யாருக்கும் போகாததைப் படிப்பானேன்?

டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோது அவை திரும்பி வந்திருந்தன.

தான்தான் சேமிக்க மறந்துவிட்டோம் என்று முதலில் நினைத்தாள். பிறகு ஓரத்தைப் பார்த்தாள். எந்த வரியை யார் கடைசியாகத் தொட்டார்கள் என்று அந்தக் கோப்பின் ஓரத்தில் பெயர் விழும். அங்கே அக்காவின் பெயர் இருந்தது. இன்றைய தேதி இருந்தது.

சின்னவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் சுவரும் ஒரு தண்ணீர்க் கேனும்தான் இருந்தன.

கம்ப்யூட்டர் என்றால் ஏதாவது கோளாறு செய்யத்தான் செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி அழித்தாள். இந்த முறை சேமித்ததை இரண்டு தடவை சரிபார்த்தாள். பிறகு மெஷின் பெட்டியில் வைக்கிற அச்சுத் தாளின் படங்களைப் பார்க்கப் போனாள்.

சாப்பாட்டு வேளைக்குச் சற்று முன்னால் திரும்பினால், வரிகள் அத்தனையும் அதே இடத்தில் இருந்தன. ஓரத்தில் அக்காவின் பெயர்.

பயமா என்றால் பயம்தான். ஆனால் பயத்தைவிட வெட்கம் அதிகமாக இருந்தது. அக்காவின் அலமாரியைத் திறந்து உருவிக்கொண்டிருக்கும்போது அவளே அறைக்குள் வந்து நின்ற மாதிரி ஒரு வெட்கம்.

* * *

கேன்டீனில் அத்தான் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். மெஷின்களைப் பரிசோதிக்கிற பிரிவில் வேலை. அக்கா போன பிறகும் மாமனார் வீட்டு மாடியறையிலேயே இருந்துவிட்டார். மனிதர் பேசுவதே குறைவு. இப்போது அந்தக் குறைவையும் குறைத்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், அக்கா பேரு ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இன்னும் இருக்கா?"

அவர் தட்டிலிருந்து நிமிரவில்லை. "இருக்கும்."

"மூடச் சொல்லி எழுதிக் கொடுக்கறேன்னீங்களே."

"கொடுக்கணும்."

"யாரோ அந்தப் பேர்ல ஃபைலைத் திறக்கறாங்க. நான் வெட்டறதைத் திரும்ப ஒட்டறாங்க."

அத்தான் தண்ணீரைக் குடித்தார். டம்ளர் காலியான பிறகும் வாயிலிருந்து எடுக்கவில்லை.

"அப்போ வெட்டாம விட்டுடேன், குட்டி," என்றார்.

"நான் விட்டாலும் மேடம் விடணுமே. சாயங்காலம் பூட்டறாங்க."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பக்கத்து மேஜையில் கத்தரி வந்து உட்கார்ந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

சின்னவளுக்கு எரிச்சலாக வந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இந்த மனிதரிடம் ஒரு வார்த்தை வாங்குவதற்குள் உயிர் போய் உயிர் வருகிறது. போய் உட்கார்ந்தாள். மூன்றாவது முறையாக அழித்தாள், கொஞ்சம் கோபமாகவே அழித்தாள். முகம் கழுவிவிட்டு வந்தாள்.

வரி இருந்தது. ஒரே ஒரு வரி. மற்றவை போனவை போனவைதான்.

ஓரத்தில் அக்காவின் பெயர்.

இந்த முறை அவள் படித்தாள்.

'அப்பா, பொத்தானை அழுத்திக்கிட்டே அஞ்சு எண்ணுங்க. அப்புறம் விடுங்க. சட்டுனு விட்டா மெஷின் நின்னுடும்.'

கையேட்டில் யாரும் இப்படி எழுத மாட்டார்கள். அக்காவேகூடக் கையேட்டில் 'எண்ணவும்' என்றுதான் எழுதுவாள். இது எழுத்தில்லை, பேச்சு. அடுப்படியிலிருந்து ஹாலுக்குக் கேட்கிற மாதிரி அக்கா குரல் கொடுக்கிற பேச்சு.

சின்னவளுக்குப் பொத்தான் மேல் நின்ற அப்பாவின் விரல் நினைவுக்கு வந்தது. அசைந்த உதடு நினைவுக்கு வந்தது.

அது மூச்சுப் பயிற்சி இல்லை. அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

* * *

மாடிப்படியில் அவள் இறங்கி ஓடவும் அத்தான் ஏறி வரவும் சரியாக இருந்தது.

"நம்ம வீட்டு மெஷின் பழைய திரைதானே?" என்றாள்.

அத்தான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"வெளியில பார்த்தா புதுசு, உள்ள பழசு. சோதனைக்காகச் செஞ்சது," என்றார். "அப்போ மாமாவுக்கு மெஷின் கிடைக்கல. எங்க போனாலும் காத்திருங்க, காத்திருங்கன்னாங்க. உடைக்கப் போற மெஷினை உங்க அக்கா வீட்டுக்கு எடுத்துட்டு வந்தா. உடைச்சாச்சுன்னு நான் கையெழுத்துப் போட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ மேடம்கிட்ட சொல்லணும். சொன்னா, செத்தவளைத் திருடின்னு சொல்லுவாங்க." அவர் குரல் உடைந்தது. "அவ பேரைக் கெடுக்க எனக்கு மனசு வரல, குட்டி. அதான் அவ பேர்லயே உள்ள போய்த் திரும்பத் திரும்ப எடுத்து வச்சேன். நீ சலிச்சுப் போய் விட்டுடுவேன்னு பார்த்தேன்."

அவளுக்கு அவரை அறையலாம் போலிருந்தது. அப்படியே அவர் தோளில் சாய்ந்து அழலாம் போலவும் இருந்தது. இரண்டுக்கும் நேரமில்லை.

"அத்தான், இன்னிக்குச் சாயங்காலம் திரையில என்ன வந்திருக்கும் தெரியுமா? ஒருமுறை அழுத்தி விடுங்கன்னு வந்திருக்கும். நான் எழுதினது. அப்பா அப்படியே செஞ்சிருப்பாரு. மெஷின் நின்னிருக்கும். நாம ரெண்டு பேரும் பஸ்ல வந்துட்டிருப்போம்."

அத்தான் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சின்னவள் உட்காரவில்லை. நேராகக் கத்தரியின் அறைக்குப் போனாள். போகிற வழியெல்லாம் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனாள். உன் பேர் போனாலும் பரவாயில்லை அக்கா, அப்பா இருக்கணும் என்று மனசுக்குள் சொன்னாள். அக்கா வேறு மாதிரி நினைத்திருக்க மாட்டாள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"பழைய திரை வரி இருக்கணும், மேடம்."

"யாருக்குப் போகும்?"

"எங்க அப்பாவுக்கு."

கத்தரி நிமிர்ந்து பார்த்தார். சின்னவள் எல்லாவற்றையும் சொன்னாள். பாதியில் அத்தானும் உள்ளே வந்து நின்றார். "கையெழுத்து என்னோடது. அவளை ஒண்ணும் சொல்லாதீங்க," என்றார். இவ்வளவு நாளில் அந்த அறையில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

கத்தரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

"அந்தப் பேர்ல யாரோ வந்து போறதைக் காலையிலேயே பார்த்துட்டேன். சாப்பிட வர்றதுக்கு முன்னாடி மூடவும் சொல்லிட்டேன்," என்றார். "வரி இருக்கட்டும். எந்தத் திரைக்குன்னு நீயே உன் பேர்ல போட்டு வை. நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் என்னை வந்து பாருங்க. அந்த மெஷினைப் பத்திப் பேசணும்."

அந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று மூவருக்கும் தெரிந்தேயிருந்தது. மெஷினைத் திருப்பிக் கேட்பார்கள். அத்தானின் வேலையும் போகலாம். ஆனால் இன்றைக்கு அது இல்லை.

சின்னவள் திரும்பிப் போய், எல்லாவற்றையும் வெட்டி எளிமையாக்கிய அந்தக் கோப்பில், ஒரே ஒரு கண்டிஷனை மட்டும் மிச்சம் வைத்தாள். அதற்குள் அந்த ஒரு வரி. கையேட்டுத் தமிழுக்கு மாற்றலாமா என்று பார்த்தாள். மனசு வரவில்லை. அப்படியே விட்டுவிட்டாள். கோப்பு பூட்டப்பட்டது.

* * *

இருவரும் பஸ்சில் வீட்டுக்குத் திரும்பினார்கள். சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக மடியில் விழுந்தது. அத்தான் கையை அதில் காய வைக்கிறவர் போல வைத்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக் கதவைத் திறக்கும்போதே மெஷின் கத்துகிற சத்தம் கேட்டது. சின்னவள் செருப்போடு உள்ளே ஓடினாள்.

அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. விரல் பொத்தான் மேல் இருந்தது.

"ஒண்ணு," என்றார் சத்தமாக.

சின்னவள் முதல்முறையாகக் குனிந்து அந்தத் திரையைப் படித்தாள். பச்சை எழுத்தில் முழுசாக வந்திருந்தது. அப்பா, பொத்தானை அழுத்திக்கிட்டே அஞ்சு எண்ணுங்க.

"ரெண்டு. பார்த்தியா, இத்தனை நாளா யாருக்கோ சொல்ற மாதிரி சொல்லிட்டிருந்தா. இன்னிக்குத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கா."

சின்னவள் நிமிர்ந்தாள். பின்னால் வந்து நின்ற அத்தானிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "தேங்க்ஸ் அத்தான். மூணாவது தடவை 'அப்பா'ன்னு சேர்த்துப் போட்டீங்களே, அதனாலதான் எனக்குப் பொறி தட்டுச்சு. இல்லேன்னா அதையும் அழிச்சிருப்பேன்."

"மூணு," என்றார் அப்பா.

அத்தான் திரையைப் பார்த்தார்.

"நான் ரெண்டு தடவைதான் வச்சேன், குட்டி. பழசை அப்படியே எடுத்து வச்சேன். சாப்பிட்டு வந்து அவ பேரைப் போட்டா உள்ளயே விடல, மூடிட்டாங்க. அதைச் சொல்லத்தான் உன்கிட்ட ஏறி வந்தேன்."

"நாலு."

"அப்போ இது?"

அத்தான் திரையில் 'அப்பா' என்ற சொல்லைக் காட்டினார். "நான் போட்டிருந்தா மாமான்னுல்ல போட்டிருப்பேன்."

"அஞ்சு," என்று அப்பா விரலை எடுத்தார். சத்தம் நின்றது. மெஷின் நிற்காமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.